கடலில் இறங்க வேண்டாம் என்று எழுதினேன்

நான் கடலைப் பார்த்ததே இல்லை.

இதுதான் என் குற்றம் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். கடலைப் பார்க்காமல் இருப்பது ஒரு குற்றமா என்ன? என் குற்றம் வேறு. பார்த்துவிட்டதாகப் பத்து வருடம் ஒரு தோட்டத்து லயத்தையே நம்பவைத்தேன். பிறகு, அந்தப் பொய் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், இருபத்திரண்டு பெண்கள் திருகோணமலைவரை போயும் கடலில் ஒரு கால்விரலைக்கூட நனைக்காமல் திரும்பி வரும்படி செய்தேன்.

சொல்லிவிட்டேன்! சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்கள்... அப்படியொன்றும் ஆகவில்லை. ஆனாலும் மீதியையும் சொல்லத்தான் போகிறேன்.

நான் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். காம்பரா என்று நாங்கள் சொல்லும் ஒற்றையறை வீடுகள் பத்து ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் லயம் ஒன்றில்தான் வளர்ந்தேன். அந்த லயத்திலிருந்து முதன்முதலாக ஆசிரியர் நியமனம் பெற்றவனும் நானே. எங்கள் தோட்டத்துப் பாடசாலையிலேயே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஆள் பற்றாத பாடசாலை என்பதால் புவியியலும் என் தலையில்தான்.

மாஸ்டருக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் லயத்தின் நம்பிக்கை. மின்னல் ஏன் முதலில் தெரிகிறது, இடி ஏன் பிறகு கேட்கிறது, அட்டை கடித்தால் ஏன் வலிப்பதில்லை... எல்லாவற்றையும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். கேட்கக் கேட்க எனக்கு உச்சி குளிரும். 'தெரியாது' என்ற சொல்லை நான் எப்போது மறந்தேன்? யோசித்துப் பார்க்கிறேன்... ஞாபகம் வரவில்லை.

கல்யாணமான மூன்றாவது மாதம், ஓகஸ்ட் விடுமுறையில், நானும் என் மனைவி சாந்தியும் மூன்று நாள் திருகோணமலைக்குப் போய்வர முடிவு செய்தோம்.

ஏன் திருகோணமலை என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்து ஓடை கொத்மலை ஓயாவில் விழுகிறது. அது மகாவலியில் சேர்கிறது. மகாவலி வளைந்து வளைந்து போய்த் திருகோணமலைப் பக்கம் கடலில் கலக்கிறது. இதை வருடாவருடம் கரும்பலகையில் நீலச் சோக்கால் கீறிக் காட்டுபவன் நான். கீறும்போதெல்லாம் எனக்குள் ஒரு குடைச்சல்... ஆறு முடிகிற இடம் எப்படியிருக்கும்? கலங்கிய தண்ணீரும் நீலத் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கோடு தெரியுமா? உப்பு எந்த இடத்தில் தொடங்கும்? ஒரு எட்டு வைத்தால் நல்ல தண்ணீர், மறு எட்டு வைத்தால் உப்புத் தண்ணீர் என்று இருக்குமா? புத்தகத்தில் எதுவும் இல்லை. போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இன்னொன்றும் உண்டு. அங்கே கடலுக்குள் மலை நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் உச்சியில் கோயில் இருக்கிறது. மலையில் பிறந்தவனுக்கு மலைமேல் நின்றே கடலைப் பார்க்கும் ஊரைவிட வேறென்ன வேண்டும்?

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் திட்டம் எழுதினேன். எத்தனை மணிக்கு எந்தச் சந்தியில் பஸ், கண்டியில் எவ்வளவு நேரம், மாத்தளையில் தேநீர், தம்புள்ளையில் சாப்பாடு, கந்தளாய்க் குளத்தை எந்தப் பக்கத்து ஜன்னலில் பார்க்கலாம்... சாந்தி கொப்பியைப் புரட்டிவிட்டு, "வாழ்க்கைப்பட்டு வந்தேனா, சோதனை எழுத வந்தேனா?" என்று சிரித்தாள். நான் விடவில்லை. திட்டம் போடுவதே எனக்குப் பாதிப் பயணம் போன சந்தோஷம்.

செய்தி லயம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் தோட்டத்தில் யாராவது தூரக் கோயிலுக்குப் போகிறார்கள் என்றால் சும்மா அனுப்பமாட்டார்கள். ஆளுக்கொரு மஞ்சள் துணி முடிச்சு கொண்டுவந்து, எங்கள் சார்பில் இதை உண்டியலில் போட்டுவிடுங்கள் என்பார்கள். அன்று காலையில் வாசலில் பதினேழு முடிச்சுகள் சேர்ந்துவிட்டன. நெற்றியில் திருநீறு பூசினார்கள். யாரோ தேங்காய்கூட உடைத்தார்கள். மூன்று நாள் பயணத்துக்கு!

பக்கத்துக் காம்பராவிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். கொழுந்து பறிக்கிறவர். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். ஊரே என்னை மாஸ்டர் என்று கூப்பிட, அவர் மட்டும் சில நேரம் 'தம்பி' என்பார். இந்த லயத்தில் என்னைவிட அதிகம் கேள்வி கேட்கிற ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். அவர் முடிச்சு கொண்டுவரவில்லை. கழுவி வெயிலில் காயவைத்த பெரிய சோடாப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"தம்பி, வரும்போது இதுல கடல் தண்ணி கொண்டாங்க. உப்புக் கரிக்கும் கரிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எம்புட்டுக் கரிக்கும்னு நாக்குல வச்சுப் பாக்கணும்."

அவ்வளவுதான் கேட்டார்.

இனி வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். புஸ்ஸல்லாவ வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப எனக்கு வயிற்றைப் பிரட்டியது. சாந்திக்கு இல்லை, எனக்கு! மனிதக் காதுக்குள் சமநிலையைக் காக்கும் திரவம் பற்றிப் பாடம் நடத்துகிற நான், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு குடலே வெளியே வருவது போல் வாந்தியெடுத்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கம்பளையில் இறங்கியபோது எனக்கு நிற்கக் காலில்லை. அங்கே சாந்தியின் சின்னம்மா வீடு இருந்தது. "இன்னைக்கு ராத்திரி தங்கிட்டு நாளைக்குப் போவோம்" என்றாள் சாந்தி. மறுநாள் பஸ் நிலையம்வரை நடந்தோம். டீசல் வாடை மூக்கில் ஏறியதும் திரும்பிவிட்டேன்.

மூன்று நாளும் சின்னம்மா வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தேன். முடிச்சுகளைக் கம்பளையில் ஒரு கோயில் உண்டியலில் போட்டேன். சாமி எல்லா இடத்திலும் ஒன்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போத்தல்தான் மிச்சமிருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாந்தி வந்தது, திரும்பிவிட்டேன்... எத்தனை சொற்கள் அவை? இரண்டு நாள் கேலி செய்திருப்பார்கள். மூன்றாம் நாள் மறந்திருப்பார்கள். ஆனால் திருநீறு பூசி, தேங்காய் உடைத்து அனுப்பிய ஊரின் முன்னால், கம்பளையைத் தாண்ட முடியாத மாஸ்டராய்ப் போய் நிற்க என் மனம் ஒப்பவில்லை.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் உப்பு. பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சின்னம்மாவின் அடுப்படியில் நின்று, தேக்கரண்டியால் அளந்து, ஆறு கரண்டி போட்டுக் கலக்கினேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். போதாது என்று தோன்றியது. இன்னும் அரைக் கரண்டி. கடலைச் சுவைத்தேயிராத நாக்கு கடலைச் சரிபார்க்கிறது, என்ன அழகு பாருங்கள்! சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புதுக் கல்யாணம்... எல்லாமே விளையாட்டாக இருந்த காலம். "மண்ணு கொஞ்சம் போடுங்க, அப்பத்தான் நம்புவாங்க" என்றவளும் அவள்தான். பின்பக்கத்தில் வீடு கட்டக் குவித்திருந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன்.

இவ்வளவு ஆர்வமாக நான் எந்தப் பரிசோதனையையும் செய்ததில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

லயத்தில் அன்று திருவிழாதான். ஆளாளுக்கு விரலை நனைத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார்கள். "அடியாத்தீ, என்னா உப்பு!" பாக்கியம் அக்கா மட்டும் முகம் சுளிக்கவில்லை. கண்ணை மூடி, வாய்க்குள் வைத்து, மெதுவாக விழுங்கினார். பிறகு கேள்விகள் வந்தன. அலை எம்புட்டு உயரம்? சத்தம் எப்படி, மழை சத்தம் மாதிரியா, ஆறு சத்தம் மாதிரியா? அலை எப்பவாவது ஓயுமா? தண்ணி பக்கத்துல பாத்தாலும் நீலமா?

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அள்ளிக்கொண்டால் நீலம் போய்விடும் என்றேன். அலை ஓயவே ஓயாது என்றேன். புத்தகத்தில் படித்ததும் டிவியில் பார்த்ததும் போதாதபோது, என் கற்பனையையும் சேர்த்துக்கொண்டேன். அவர் கண் விரிய விரியக் கேட்டுக்கொண்டிருந்தார். மீதித் தண்ணீரைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு பத்து வருடம் ஓடியது!

அந்தப் பத்து வருடத்தில் கடலைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஒருமுறை பயிற்சி ஒன்றுக்காக ரயிலில் கொழும்புக்குப் போனேன். ரயிலில் எனக்கு வாந்தி வருவதில்லை. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, கொஞ்சத் தூரம் நடந்தால் கடல். காற்றில் ஒரு மணம்கூட வந்தது, அது கடல் மணமா, மீன் கூடை மணமா என்று எனக்குத் தெரியவில்லை. போகவில்லை. வேலையை முடித்து அடுத்த ரயிலில் ஏறிவிட்டேன். ஏன்? இன்றுவரை இதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. நான் சொன்ன கடலும் நிஜக் கடலும் ஒத்துப்போகாவிட்டால்... அந்த வித்தியாசத்தை அறிந்துகொண்டு லயத்துக்குத் திரும்ப வேண்டுமே என்ற பயமாக இருக்கலாம். எதையும் தோண்டித் துருவிப் பார்க்கிறவன், அந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் ஒளிந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பாக்கியம் அக்கா தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிற நேரம். எங்கள் மாதர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஓகஸ்ட்டில், பௌர்ணமிப் போயா லீவோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வருகிறது, மூன்று நாள் திருகோணமலைக்குப் போகப்போகிறோம் என்றார். இருபத்திரண்டு பேர். ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை.

"நம்ம ஓடைத் தண்ணி அங்கதான் போய்ச் சேருதுன்னு நீங்கதான மாஸ்டர் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? தண்ணி போற எடத்துக்கு நாங்க ஒருக்காப் போகக் கூடாதா?"

எனக்குப் புல்லரித்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். என் கேள்வியே அவர் வாயில் வந்து நின்றது போல் இருந்தது.

"போய்ட்டு வந்தவங்க நீங்க ரெண்டு பேருதான். எங்க தங்குறது, எதப் பாக்குறது, எல்லாம் நீங்கதான் எழுதித் தரணும்" என்றார். கூடவே வரவும் சொன்னார்கள். விடைத்தாள் திருத்த வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன்.

எழுந்து போகும்போது பாக்கியம் அக்கா திரும்பி நின்றார். "தம்பி, நீங்க தந்த தண்ணி இன்னும் பாதி இருக்கு. அதையும் கொண்டு போறேன். மொதல்ல கடல் தண்ணியக் கையில அள்ளிக் குடிச்சுப் பாப்பேன், அப்புறம் போத்தல் தண்ணியக் குடிச்சுப் பாப்பேன். பத்து வருசம் வச்சிருந்தா ருசி மாறுமா, அப்பிடியே இருக்குமான்னு தெரியணும்ல? பாத்துட்டு மிச்சத்தக் கடல்லயே விட்டுருவேன்."

ஒரு பரிசோதனை! கொழுந்துக் கூடையைத் தவிர வேறெதையும் தொட விடாத ஒரு வாழ்க்கையிலிருந்து, இவ்வளவு சுத்தமான ஒரு பரிசோதனை. என் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படி யோசித்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். எனக்கோ திருடனுக்குத் தேள் கொட்டியது போல் ஆனது.

ஏனென்றால், அதற்குள் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. கடல்நீரில் வெறும் சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை. வேறு உப்புகளும் இருக்கின்றன, அவற்றால் அடிநாக்கில் ஒரு கைப்பு நிற்குமாம். என் தண்ணீரில் கைப்பு கிடையாது. பாக்கியம் அக்காவின் நாக்கு சாதாரண நாக்கா? எந்த மலையில் பறித்த கொழுந்து என்று தேநீரைக் குடித்துச் சொல்லிவிடுவார். ஒரே மிடறில் என்னைக் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாள் உட்கார்ந்து திட்டம் எழுதினேன். நான்கு பக்கம். சொன்னால் நம்பமாட்டீர்கள், அருமையான திட்டம் அது! மலைக் கோயிலுக்கு எந்த நேரம் போனால் வெயில் குறைவு, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் எந்த நேரம் கூட்டம் இல்லை, ஊருக்குள் மான்கள் எந்தத் தெருவில் நிற்கும், தங்குவதற்கு மடம், பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழம்... தொலைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு தெருவாக நடந்தேன். அந்த மூன்று நாளும் நான் அந்த ஊரில்தான் இருந்தேன். மனதுக்குள் மலைமேல் ஏறினேன், இறங்கினேன். எவ்வளவு இன்பமாக இருந்தது தெரியுமா?

நான்காம் பக்கத்தின் அடியில் சிவப்புப் பேனையால் எழுதினேன்.

'கடலில் இறங்க வேண்டாம். இந்த மாதங்களில் அடியில் இழுப்பு அதிகம். பழக்கமில்லாதவர்களைக் கடல் இழுத்துவிடும். கரைக்கும் போக வேண்டாம். மலைக் கோயிலில் நின்று பார்த்தாலே போதும்.'

இரண்டு முறை அடிக்கோடும் போட்டேன்.

அந்த மாதங்களில்தான் அந்தப் பக்கத்துக் கடல் குளம் போல் அமைதியாகக் கிடக்கும் என்பதும், முழங்கால் ஆழத்தில் குழந்தைகள் விளையாடும் என்பதும் எனக்குத் தெரியும். அதையும் வாசித்துத்தான் இருந்தேன். கடல் ஊருக்குள் வந்து ஆட்களை வாரிக்கொண்டு போனதை அந்தப் பெண்கள் டிவியில் பார்த்து அழுதவர்கள் என்பதும் தெரியும். அந்தப் பயத்தின் மேல்தான் என் சிவப்பு எழுத்தை வைத்தேன். தெரியாமல் செய்த பிழை இல்லை இது. கேட்டுக்கொள்ளுங்கள்... தெரிந்தே செய்தேன்.

திட்டத்தைச் சாந்தி வாசித்தாள். நான்காம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்னாங்க இது?"

நான் சிவப்புப் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினேன்.

"ஒரு போத்தலுக்காக இருபத்திரண்டு பேரோட கடல மறிக்கிறீங்களா? அக்காகிட்டப் போய்ச் சொல்லிருங்க. சிரிச்சிட்டு விட்டுருவாங்க. நானும் வாறேன், மண்ணு போடச் சொன்னது நான்தானே."

"பாப்போம்" என்றேன். எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம். அவளுக்குத் தெரியும். அவளையும் பயணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "அந்த பஸ்ஸுல ஒக்கார எனக்கு மூஞ்சி இல்ல" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த மூன்று நாளும் சோறு போட்டாள், பேசவில்லை.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் சாயந்தரம், வேலை முடிந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு, பாக்கியம் அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மானு தெருவுல நடக்குது மாஸ்டர்! மாடு மாதிரி! நம்ம லெச்சுமி கையிலருந்து வாழைப்பழத்தப் புடுங்கித் தின்னுருச்சு." கன்னியாவில் ஏழு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் ஊற்றிக்கொண்டதைச் சொன்னார். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடாம். ஏழையும் விரல் விட்டு வரிசைப்படுத்தி வைத்திருந்தார். பிறகு மலைக் கோயிலைச் சொன்னார். உச்சியில் நின்று கீழே பார்த்ததும் பேச்சு வரவில்லையாம். "எல்லாரும் கத்துனாளுக. எனக்கு மட்டும் சத்தமே வரல."

நான் மெல்லக் கேட்டேன். "கடலுக்கு... போனீங்களா?"

"எங்க போறது? நீங்கதான் எழுதியிருந்தீங்களே!" என்றார். "டிரைவர் மாத்தயா நல்லவரு. கடற்கரையில பஸ்ஸ நிப்பாட்டி, 'பய வெண்ட எப்பா அக்கே, பஹிண்ட'ன்னு சிங்களத்துல சொன்னாரு. பயப்படாம எறங்கச் சொல்றாரு. அங்க சின்னப் புள்ளைங்க எல்லாம் குளிச்சிக்கிட்டு இருந்துச்சு. லெச்சுமி செருப்பக் கழட்டிட்டா. நான் விடுவேனா? கையப் புடிச்சு இழுத்து பஸ்ஸுல ஏத்துனேன். அதுகளுக்குக் கடல் பழக்கம், நமக்கு அப்பிடியா? படிச்ச மனுசன் சும்மாவா ரெட்டக் கோடு போட்டு எழுதியிருக்காருன்னு சொன்னேன். ஒருத்தியையும் எறங்க விடல மாஸ்டர். போன மாதிரியே இருபத்திரண்டு பேரையும் கொண்டாந்து சேத்துட்டேன்."

பெருமையாகச் சொன்னார். என் பொய்க்கு அவரைக் காவல்காரியாக நிற்க வைத்திருக்கிறேன்!

போத்தலைப் பற்றியும் அவரே சொன்னார். கடலில் இறங்கக் கூடாது என்பதால், மலை உச்சியிலிருந்தே மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டாராம். "ருசி பாக்கத்தான் குடுத்து வைக்கல" என்றார்.

அதைக் கேட்டதும் முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சொல்ல நாக்குக் கூசுகிறது... நிம்மதி. அப்பாடா, தடயம் போய்விட்டது என்ற நிம்மதி! சாந்தி உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் அது மறுநாள் சரியாகிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்பேன். என் திட்டம் நன்றாக இருந்ததாம். எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிசன்காரர்கள் கேட்டு வாங்கிப் போட்டோக்கொப்பி எடுத்தார்கள். போன வருடம் அவர்களும் போனார்கள். கொப்பியில் சிவப்பு எழுத்து கறுப்பாக விழுந்திருந்தது, இரட்டைக் கோடு அப்படியே இருந்தது. அவர்கள் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் இறங்காமல் வந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எதையும் விசாரிக்கிற நான், அதை விசாரிக்கவில்லை.

பாக்கியம் அக்கா ஓய்வு பெற்றுவிட்டார். வருடக்கணக்காகச் சரிவுகளில் ஏறி இறங்கிய முழங்கால்கள் இரண்டும் ஒரேயடியாக மக்கர் பண்ணுகின்றன. லயத்துப் படிகளில் இறங்குவதற்கே ஒரு தோள் வேண்டும். இனிமேல் எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "அதான் ஒருக்காப் போய்ட்டு வந்துட்டேனே" என்று அவர் சிரித்துக்கொள்கிறார்.

கேள்விகள் மட்டும் ஓயவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு வாசலில் ஒரு கதிரை போட்டு உட்காருவார். சூரியன் ஏன் காலையில் பெரிதாகத் தெரிகிறது, மலையில் பெய்கிற மழை உப்பாக ஏன் இல்லை, கடலிலிருந்துதானே மேகம் வருகிறது... கேட்டுக்கொண்டேயிருப்பார். நானும் சொல்லிக்கொண்டேயிருப்பேன். அவரோடு பேசுவது எனக்குப் பிடிக்கும். ஊரில் வேறு யாருக்கு இதெல்லாம் வேண்டியிருக்கிறது? இவரிடம் இப்படியொரு துரோகத்தைச் செய்துவிட்டு இவரோடு பேசிச் சந்தோஷப்படவும் முடிகிறதே... நான் என்ன பிறவி?

போன ஞாயிறு நல்ல குளிர். மூடுபனி வாசல்வரை வந்துவிட்டது. அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று காலை பீலிக்கரைத் தண்ணீரில் குளித்தது எலும்புக்குள் போய்விட்டது என்றார். எங்கள் தோட்டத்தில் மலையிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் அந்தத் தண்ணீர் பனிக்கட்டி போல் இருக்கும். அறுபது வருடத்துக்கு மேலாக அதில்தான் குளிக்கிறார்.

சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். கன்னியாவுல ஏழு கெணறும் ஏழு சூடுன்னு நானே தொட்டுப் பாத்துட்டேன். கடல் தண்ணி எப்பிடி? நீங்க எறங்கி நின்னிருக்கீங்கள்ல... சுடுமா, குளுருமா?"

திருகோணமலைவரை போய்வந்த ஒரு பெண், கம்பளையைத் தாண்டாத என்னிடம் கேட்கிறார்!

சாந்தி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. இப்போதாவது சொல் என்று என் நெஞ்சு அடித்தது. அக்கா, நான் போகவே இல்லை. எல்லாம் பொய். வாய்வரை வந்தது, சத்தியமாக வந்தது...

ஆனால் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடலின் வெப்பநிலையை நான் எப்போதோ தேடிப் படித்துவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லாமல் இருக்க எனக்கு எப்போது முடிந்திருக்கிறது?

"குளிராது அக்கா" என்றேன். "இளஞ்சூடா இருக்கும். எந்நேரமும்."

தேய்த்துக்கொண்டிருந்த கை முழங்காலிலேயே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பனிக்குள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டுத் தண்ணியுமா?" என்றார்.

"அம்புட்டும்தான்."

"அடடா..." என்றார். "அப்ப எறங்கியிருக்கலாமே தம்பி. இந்தக் காலுக்கு எம்புட்டு எதமா இருந்திருக்கும்."

நான் "ஆமா அக்கா" என்றேன்.